நூலும் எச்சிலும்: பஞ்சாலைகள் நமக்கு விட்டுச் சென்ற கேள்வி

(சுத்துக்கேணியில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் பெரியப்பா இந்த ஊரிலிருந்து நகரத்துப் பஞ்சாலை ஒன்றுக்கு விடியும் முன்பே சைக்கிள் மிதித்துப் போனவர். பஞ்சைப் பிரித்துக் கலக்கும் அறையில்தான் அவருக்குக் கடைசி வரை வேலை. தறிக்கூடத்துக்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை கேட்டிருக்கிறார். “தறி ஓட்ட உங்க தெருவுல யாருக்குப் பழக்கம்?” என்று மேஸ்திரி சிரித்தாராம். பஞ்சுத்தூசி கொடுத்த இருமலோடு ஓய்வு பெற்றார். அதே பெரியப்பா ஒவ்வொரு ஜூலை 30 அன்றும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஆலைத் தியாகிகளுக்கு மாலை போடப் போவார். “அந்தப் பன்னெண்டு பேரு செத்ததாலதான்டா எட்டு மணி நேரத்துல நான் கேட்டைத் தாண்டினேன்” என்பார்.

சங்கம் வாங்கித் தந்த நேரமும் அவருக்குக் கிடைத்தது. சாதி ஒதுக்கித் தந்த அறையும் அவருக்குத்தான் கிடைத்தது. இந்த இரண்டையும் சேர்த்து எப்படிப் புரிந்துகொள்வது என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

நீலத் துணியிலிருந்து ஆலைக்கு

புதுச்சேரியின் துணி வரலாறு ஆலைகளுக்கு முந்தையது. அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத் துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் இங்கிருந்து வாங்கி ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். ‘கினே’ என்பது அதன் பெயர். செனகல் கரையில் அது பணத்தைப் போலவே புழங்கியது. 18ஆம் நூற்றாண்டில் அந்தத் துணியைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள். பின்னர் அதைக் கொடுத்துக் கருவேலம் பிசின் வாங்கினார்கள். நம் மண்ணில் தோய்த்த துணி இன்னொரு கண்டத்து மனிதரின் விலையாக இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

இந்த வணிகத்தின் தொடர்ச்சியாகவே இயந்திர ஆலை வந்தது. பிற்காலத்தில் சவானா என்று பெயர் பெற்ற முதல் ஆலை 1829 வாக்கில் எழுந்தது. பம்பாயின் முதல் பஞ்சாலைக்கு அது கால் நூற்றாண்டு மூத்தது. 1892இல் கப்ளே ஆலையும் 1898இல் ரோடியர் ஆலையும் வந்தன. நம் தலைமுறை இவற்றைச் சுதேசி, பாரதி, ஏ.எஃப்.டி. என்ற பெயர்களில் அறியும். வயலில் கூலிக்கு நின்றவர்களுக்கு ஆலை ஒரு வாசலைத் திறந்தது உண்மை. மிராசுதாரின் களத்தில் கூலி எப்போது கிடைக்கும் என்று காத்திருந்தவர், ஆலையில் மாதாமாதம் கையில் பணம் வாங்கினார். அது சின்ன மாற்றமல்ல.

1936: மூன்று நிகழ்வுகள்

1936ஆம் ஆண்டின் மூன்று நிகழ்வுகளை மாணவர்கள் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும்.

மே மாதம், லாகூரில் பேச முடியாமல் போன உரையை அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ என்ற நூலாக வெளியிட்டார். சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைப்பது என்று அதில் விளக்கினார்.

ஜூலை 30 அன்று, சவானா ஆலைக்குள் அமர்ந்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டது. 12 பேர் உயிரிழந்தனர். எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கூலி உயர்வுமே அவர்கள் கேட்டவை. அதற்கு முந்தைய மாதம்தான் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு தன் நாட்டுத் தொழிலாளருக்கு வாரம் 40 மணி நேர வேலை என்று சட்டம் கொண்டுவந்திருந்தது. அதே அரசின் குடியேற்றத்தில், நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்டவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது. வ. சுப்பையாவின் தலைமையில் போராட்டம் பாரிஸ் வரை போனது. 1937இல் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின.

ஆகஸ்டில் பம்பாயில் அம்பேத்கர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். சாதியையும் முதலாளியையும் ஒருசேர எதிர்க்கும் கட்சியாக அதை அவர் நினைத்தார்.

மூன்று மாத இடைவெளியில் நடந்த இவற்றை நம் பாடப்புத்தகங்களும் மேடைகளும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்திருக்கின்றன. ஜூலையைச் சங்கத்தாரும் மேயையும் ஆகஸ்டையும் நாமும் கொண்டாடுகிறோம். பெரியப்பாவுக்கு மூன்றும் வேண்டியிருந்தன.

ஒரு நாடாவின் துளை

இதைப் பம்பாய்த் தறிக்கூடத்தில் தெளிவாகப் பார்க்கலாம். விசைத்தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடுவது நாடா. அதற்குள் இருக்கும் தாரில் நூல் தீர்ந்தால் புதுத் தாரை மாட்ட வேண்டும். நூல் முனையை நாடாவின் சிறு துளை வழியாக வெளியே எடுக்க, நெசவாளி அந்தத் துளையில் வாய் வைத்து உறிஞ்சுவார். ஒரே நாடாவில் பல பேர் வாய் படும்.

இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை நகரங்களிலும் இதே வழக்கம் இருந்தது. அங்கே அதை நாடாவுக்கு முத்தமிடுதல் என்றார்கள். பல் கெடுகிறது, நோய் தொற்றுகிறது என்று புகார் எழுந்து, 1952இல் அங்கே அதைத் தடை செய்தார்கள். அவர்களுக்கு அது சுகாதாரப் பிரச்சினை.

அதே இயந்திரம் பம்பாய்க்கு வந்தபோது அது தீட்டுப் பிரச்சினை ஆனது. தீண்டப்படாதவர் எச்சில் பட்ட நாடாவில் தாங்கள் வாய் வைப்பதா என்று சாதி இந்து நெசவாளர்கள் மறுத்தார்கள். அதனால் கூலி அதிகமான நெசவுப் பிரிவு நம் மக்களுக்கு மூடப்பட்டது. கூலி குறைந்த நூற்புப் பிரிவுகளே மிஞ்சின. எந்த விதிப்புத்தகத்திலும் எழுதாத விதி இது. ஆனாலும் எல்லோரும் அதைக் கடைப்பிடித்தார்கள்.

1928இல் பம்பாயில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, நெசவுப் பிரிவைத் திறந்துவிடும் கோரிக்கையையும் சேருங்கள் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். சங்கத் தலைவர்கள் தயக்கத்தோடுதான் ஒப்புக்கொண்டார்கள். அவர் தொழிலாளர் இயக்கத்துக்கு எதிரியாக இருந்து இதைக் கேட்கவில்லை. பின்னாளில் வைஸ்ராய் அவையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்து, 1946இல் ஆலை வேலை நேரத்தை வாரம் 48 மணியாகக் குறைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

பெரியப்பாவிடம் யாரும் எச்சிலைப் பற்றிப் பேசவில்லை. ‘பழக்கமில்லை’ என்று மட்டும் சொன்னார்கள். சொல் மாறியது, அவர் நின்ற அறை மாறவில்லை.

மான்செஸ்டர் தொழிலாளர் எழுதிய கடிதம்

ஒற்றுமை என்றால் என்ன என்பதற்கும் லங்காஷயரில் ஒரு பாடம் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்கள் தென் மாநிலத் துறைமுகங்களை மறித்தன. அடிமைகள் விளைவித்த பஞ்சு வருவது நின்றது. லங்காஷயர் ஆலைகள் மூடின, லட்சக்கணக்கானோர் நிவாரணக் கஞ்சியை நம்பி நின்றனர். எப்படியாவது பஞ்சு வந்தால் போதும் என்று தென் மாநிலங்களை ஆதரித்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஆனால் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர்கள், அடிமை முறையை ஒழியுங்கள், நாங்கள் உங்கள் பக்கம் என்று லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். 1863 ஜனவரியில் லிங்கன் நன்றி கூறிப் பதில் எழுதினார்.

தன் வயிறு காயும்போதும் இன்னொருவரின் விடுதலையைத் தன் கோரிக்கையாக்கினால் அதை ஒற்றுமை என்று சொல்லலாம். நம் சங்கங்களிடம் நாம் கேட்பது அதைவிடச் சிறியது. பக்கத்து அறையில் நிற்கும் தோழனுக்காக ஒரு வரி சேர்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

இன்றைக்கு

2011 டிசம்பரில் தானே புயல் ஏ.எஃப்.டி. கூரைகளைப் பிய்த்துப் போட்டது. 2020இல் ஏ.எஃப்.டி. மூடப்பட்டது, சுதேசி, பாரதி ஆலைகளும் அதே ஆண்டு மூடப்பட்டன. கடலூர் சாலையில் முதலியார்பேட்டையைக் கடக்கும் மாணவர்களுக்கு அது இன்று ஒரு நீண்ட மதில்சுவர். ஆனால் எட்டு மணி நேரக் கேள்வி அந்த மதிலுக்குள் அடங்கவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு எழுந்த பிறகே மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. சேதராப்பட்டு, திருபுவனை பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நாற்று நடும் நம் தாய்மாருக்கோ எட்டு மணி என்ற கணக்கே இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே இரண்டு வேலைகளை முன்வைக்கிறேன். ஒன்று, எட்டு மணி நேரத்தை நம் கோரிக்கையாகவே காக்க வேண்டும். அது நம் பெரியவர்களும் அனுபவித்த உரிமை, அதை ஒரு கட்சியின் சொத்து என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு, வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டுக் கிராமங்களில் இன்னும் உயிரோடு இருக்கும் ஆலைத் தொழிலாளர்களிடம் மாணவர்கள் போக வேண்டும். எந்தப் பிரிவில் வேலை பார்த்தீர்கள்? வேறு பிரிவு கேட்டீர்களா? என்ன பதில் வந்தது? தண்ணீர் எந்தப் பானையில் குடித்தீர்கள்? சங்க நிர்வாகத்தில் உங்கள் தெருவிலிருந்து யார் இருந்தார்? இந்த ஐந்து கேள்விகளுக்கான விடைகள் அந்த மனிதர்களின் நினைவில் இருக்கின்றன. அவர்கள் போய்விட்டால் அவையும் போய்விடும். என் பெரியப்பாவிடம் நான் முதல் மூன்றைத்தான் கேட்டேன். மற்ற இரண்டும் எனக்குத் தோன்றியபோது அவர் இல்லை.

வரும் ஜூலை 30 அன்று தியாகிகளுக்கு மாலை போடப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே வரும் பெரியவர்களின் அருகில் உட்கார்ந்து கேளுங்கள்.