வீட்டுச் சுவரை அளக்க ஒரு கோபுரம்

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவுக்கு மேலே, சுமார் 600 மீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்தது. உயிர் தப்பியவர்களில் பலர் அப்போது வீட்டுக்குள் இருந்தவர்கள். பிற்காலத்தில் அவர்களிடையே ரத்தப் புற்றுநோய் கூடியதும் மருத்துவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது: ஒவ்வொருவர் உடலிலும் எவ்வளவு கதிர்வீச்சு பாய்ந்தது? யார் எந்த அறையில், எந்தத் திசை பார்த்து இருந்தார் என்பதுவரை விசாரித்து ஆய்வாளர்கள் படம் வரைந்து வைத்தார்கள். ஆனால் மரச்சட்டமும் மண்சுவரும் ஓட்டுக்கூரையுமான ஜப்பானிய வீடு எவ்வளவு கதிரைத் தடுக்கும் என்று தெரியாதவரை அந்தப் படங்களை வைத்துக் கணக்குப் போட முடியாது.

அதற்காகவே 1962இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் பிரென் கோபுரம் எழுந்தது. உயரம் 465 மீட்டர், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையும் மிஞ்சும். பார்த்தால் ஒல்லியான இரும்புச் சட்டம்தான். சுற்றிலும் இழுத்துக் கட்டிய கம்பிவடங்களே அதைத் தாங்கின. அதில் மேலும் கீழும் நகர்த்தும்படி ஓர் அணு உலையைத் தொங்கவிட்டார்கள். வழக்கமான உலையைச் சுற்றித் தடித்த கான்கிரீட் இருக்கும். இதற்கு எந்தக் கவசமும் இல்லை. கதிர் தடையில்லாமல் வெளியே வர வேண்டும் என்பதுதானே நோக்கம்!

உலையைத் தரையிலேயே வைத்திருக்கலாமே என்று தோன்றலாம். கதிர்கள் நேர்கோட்டில் மட்டும் வருவதில்லை. காற்றில் மோதிச் சிதறும், தரையில் பட்டுத் தெறிக்கும், கூரை வழியாகவும் நுழையும். குண்டின் கதிர் மேலிருந்து வந்தது. சோதனைக் கதிரும் மேலிருந்தே வர வேண்டும்.

கீழே ஜப்பானிய வீடுகளின் மாதிரிகளைக் கட்டினார்கள். மண்சுவருக்குப் பதிலாக, கதிரைத் தடுப்பதில் அதை ஒத்த ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பலகைகள். உள்ளே ஓர் அளவு, வெளியே ஓர் அளவு; இரண்டையும் ஒப்பிட்டால் வீடு எவ்வளவு காத்தது என்பது தெரியும்.

இந்த அளவுகளும் சேர்ந்து 1965இல் ஒரு கணக்கு உருவானது. அது நிலைக்கவில்லை. பாலைவனக் காற்று வறண்டது. ஹிரோஷிமாவின் ஆகஸ்ட் காற்றிலோ ஈரம் அதிகம். நீரிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்துவிடும். 1986இல் வந்த புதிய கணக்கு ஹிரோஷிமாவின் நியூட்ரான் அளவைப் பெரிதும் குறைத்தது. வீட்டுச் சுவர்க் கணக்கையும் திருத்தியது. காற்றின் ஈரத்தை மறந்தால் எத்தனை உயரக் கோபுரமும் போதாது.

கோபுரத்தை 2012 மே 23 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று எக்ஸ்ரே அறையிலும் அணுமின் நிலையத்திலும் வேலை செய்பவர்களுக்கு வகுத்துள்ள கதிர்வீச்சு வரம்புகளுக்கு, அந்த ஜப்பானிய மக்களைப் பற்றிய ஆய்வே முக்கிய அடிப்படை.