நுரை எடுக்கும் மிஷின்: யாருக்குத் தேவை, எதை வாங்குவது?



கடலோரக் குழு ஒன்றிலிருந்து கூட்டமைப்புக்கு ஒரு கடன் மனு வந்திருக்கிறது. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் க்ளவுன் மீன் வளர்க்கிறாங்க. ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ வாங்கப் பணம் வேணும்னு கேட்டிருக்காங்க. தீர்மான நோட்டில் எழுதும் முன்னாடி, “அது என்ன சாமான்? அதுக்கு எதுக்கு இவ்வளவு பணம்?” என்று கூட்டத்தில் பாதிப் பேர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். சில ஆயிரத்தில் தொடங்கி பல பத்தாயிரம் வரைக்கும் விலை போகிற சாமான் அது. நம்ம சேமிப்புப் பணத்தைப் போடும் முன் தெரிஞ்சுக்கிட்டுப் போடுவோம்.

காத்து பலமா அடிக்கிற நாளில் கடற்கரையில் வெள்ளையும் பழுப்புமா நுரை ஒதுங்கிக் கிடக்குமே, பார்த்திருப்பீங்க. பாசி, மீன் கழிவு, செத்த பூச்சி இதிலிருந்தெல்லாம் கரைந்த பிசுக்கு காற்றுக் குமிழியில் ஒட்டிக்கிட்டுக் கரைக்கு வருவதுதான் அந்த நுரை. இதே வேலையை ஒரு குழாய்க்குள்ளே செய்ய வைத்தால் அதுதான் ஸ்கிம்மர். ஒரு சின்ன மோட்டார் தண்ணீரோடு காற்றையும் இழுத்து, மாவு மாதிரி நுணுக்கமான குமிழியா அடிக்கும். மீன் தின்னாம விட்ட தீனி, எச்சம், மீன் மேல் இருக்கும் வழவழப்பு எல்லாத்திலிருந்தும் தண்ணீரில் கரைந்த அழுக்கு அந்தக் குமிழியில் ஒட்டும். நுரை மேலே ஏறி ஒரு கிண்ணத்தில் விழும். கிண்ணத்தை எடுத்துக் கொட்டிடலாம். அவ்வளவுதான்.

நல்ல தண்ணீரில் இது வேலை செய்யாது. நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒண்ணோடொண்ணு சேர்ந்து பெரிசாகி உடைந்துவிடும். உப்புத் தண்ணீரில்தான் சின்னதாகவே நிற்கும். அதனால் கோல்டு பிஷ், கப்பி வளர்க்கிற உள்ளூர்க் குழுக்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். யாராவது விற்க வந்தாலும் வாங்காதீங்க.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். மீனைக் கொல்வது பெரும்பாலும் அம்மோனியா. அம்மோனியாவை மாற்றுவது நல்ல கிருமிகள் குடியிருக்கும் பில்டர், அதாவது கல், பவளத்துண்டு, பிளாஸ்டிக் பந்து போட்ட பெட்டி. ஸ்கிம்மர் அழுக்கை அழுகுவதற்கு முன்னாலேயே வெளியே எடுத்து அந்தப் பில்டரின் பாரத்தைக் குறைக்கும். ஆனா பில்டர் வேலையை அது செய்யாது. புதுத் தொட்டியில் பில்டர் பழகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுக்குள்ளே மீனை நிறைய விட்டுவிட்டு “ஸ்கிம்மர் இருக்கே” என்று இருந்தால் மீன் செத்துப் போகும்.

அப்போ யாருக்குத் தேவை? எங்கள் கருத்தைச் சொல்கிறோம். 3 அடி நீளம், 1½ அடி அகலத் தொட்டி. தண்ணீர் 1¼ அடி உயரம் என்று வைப்போம். மூன்றையும் பெருக்கினால் சுமார் 5.6 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்று பெருக்கினால் ஏறக்குறைய 160 லிட்டர். வாரம் ஒரு முறை இதில் 24 லிட்டர் மாற்றினால் போதும் என்றால், அது இரண்டு குடம் தண்ணீர். கடல் பக்கத்திலேயே இருக்கு, மீனும் குறைவு என்றால் இரண்டு குடம் கொண்டு வருவது பெரிய வேலை இல்லை. சாக்கடை கலக்கிற இடம், மழை பெய்த மறுநாள் தண்ணீர், இது இரண்டையும் தவிர்த்து, தெளியவைத்து வடிகட்டி ஊற்றினால் ஸ்கிம்மர் இல்லாமலே ஓட்டலாம். கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊரில் கதையே வேறு. உப்புப் பொடி வாங்கிக் கரைக்கணும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் வாரத்துக்கு 840 கிராம், மாதத்துக்கு 3½ கிலோ வரைக்கும் போகும். தொட்டி நாலு ஐந்து ஆனால் உப்புச் செலவே இடிக்கும். மீனை நெருக்கமா விட்டு வளர்த்து விற்கிறவங்களுக்கும் ஸ்கிம்மர் உதவும். மனு போட்ட குழுவிடம் நாங்க கேட்டதும் இதைத்தான்: எத்தனை தொட்டி, எத்தனை மீன், தண்ணீர் எங்கிருந்து?

முட்டை பொரித்த குஞ்சுத் தொட்டியில் மட்டும் எந்த ஸ்கிம்மரும் போடக்கூடாது. குஞ்சுக்கு இரையாகப் போடும் நுண்ணுயிரையும் பச்சைப் பாசித் தண்ணீரையும், ஏன் குஞ்சையுமே அது இழுத்துவிடும். குஞ்சு வளர்ப்பு பற்றிக் கேட்க வேண்டியவர்கள் மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார். க்ளவுன் மீனை முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தவர்கள் அவர்கள்.

வகைகள் மூன்று. முதலாவது, மரக்கட்டைக் கல்லில் ஏர் பம்பு வைத்துக் குமிழி எடுப்பது. விலை குறைவு. ஆனா அந்தக் கட்டை ஊறி அடைத்துக்கொள்ளும், அடிக்கடி மாற்றணும். மாற்றுக் கட்டை நம்ம ஊர்ப் பக்கம் கிடைக்குமா என்று முதலில் பாருங்க. இரண்டாவது, தொட்டிக் கரையில் மாட்டுவது. தொட்டிக்குக் கீழே தனிப்பெட்டி வைக்க இடம் இல்லாதவங்களுக்கு ஏற்றது. மூன்றாவது, கீழே சம்ப் பெட்டியில் உட்காருவது. முள்முள்ளா இருக்கும் சக்கரம் காற்றை அடித்து நுணுக்கும். நுரை நல்லா வருவது இதில்தான். ஆனா பெட்டியில் தண்ணீர் மட்டம் ஏறி இறங்காம நிற்கணும். எத்தனை சென்டிமீட்டர் என்று அதோடு வரும் தாளில் போட்டிருப்பாங்க. அதைப் படித்துச் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.

அட்டைப்பெட்டியில் போடும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் மீன் குறைவாக இருக்கும் தொட்டிக்குச் சொல்வது. நெருக்கமா வளர்க்கும் 160 லிட்டர் தொட்டிக்கு, 300 லிட்டர் வரைக்கும் என்று போட்டதைப் பார்க்கலாம். “பெரிசா இருந்தா நல்லதுதானே” என்று 1000 லிட்டர் மாடல் வாங்கினால், அதன் அகலக் கழுத்தில் நிரம்புகிற அளவுக்கு அழுக்கு சேராது, நுரை ஏறாது. காசும் போச்சு, வேலையும் இல்லை.

கரண்டைக் கேட்காம வாங்காதீங்க. இது ராத்திரி பகல் ஓடும் சாமான். 15 வாட் மோட்டார் இரண்டு மாத பில்லில் சுமார் 22 யூனிட் சேர்க்கும். 40 வாட் என்றால் 58 யூனிட். விலை கம்மி என்று பெரிய மோட்டார் வைத்ததை வாங்கினால் மாதாமாதம் அழணும். மோட்டாருக்குள் சுத்துகிற சக்கரம் தனியா கிடைக்குமா என்றும் கேளுங்க. முதலில் கெடுவது அதுதான்.

கடைக்காரர் பவளம் வளர்க்கவும் ஆகும் என்று ஆசை காட்டுவார். உயிருள்ள பவளம், கடற்குதிரை இதெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. நம் கடலிலிருந்து எடுத்து வைத்தால் வழக்கு.

வாங்கி மாட்டின முதல் வாரம் நுரை சரியா வராது, இல்லேன்னா பொங்கி வழியும். புது பிளாஸ்டிக்கின் எண்ணெய்ப் பிசுக்கு போகணும். பயந்து திருப்பிக் கொடுக்காதீங்க. அப்புறம் நுரைத் தண்ணீர் புளிக்கரைசல் நிறத்தில் வந்தால் சரியான அளவு. தண்ணீராகவே கொட்டினால் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கணும். கிண்ணம் காய்ந்தே கிடந்தால் ஏற்றணும். தேங்காய் எண்ணெய் பட்ட கையைத் தொட்டியில் விட்டால் சில மணி நேரம் நுரை அடங்கிவிடும். மருந்து போட்டால் பொங்கும், அப்போது நிறுத்தி வைக்கலாம்.

கரண்ட் போனால் மேல் தொட்டித் தண்ணீர் கீழே இறங்கி சம்ப் நிறையும். திரும்ப வரும்போது கிண்ணத்தில் இருந்த அழுக்கெல்லாம் தொட்டிக்கே வழியும். அதனால் கிண்ணத்தை நிறைய விடாம இரண்டு நாளைக்கு ஒரு முறை கொட்டுங்க, கழுத்தில் ஒட்டும் வழவழப்பைத் துணியால் துடைங்க. காற்று போகும் குழாயில் உப்புப் பூத்து அடைத்தால் வெந்நீர் ஊற்றினால் போதும். மோட்டாரைச் சில மாதத்துக்கு ஒரு முறை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைக்கலாம். எது செய்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்க. உப்புத் தண்ணீர் கரண்டை நல்லா கடத்தும். வயரைத் தாழ்த்தித் தொங்கவிட்டு மேலே வளைத்துச் செருகினால், வழிகிற சொட்டு பிளக்குக்குப் போகாது.