சட்ட நுழைவுத்தேர்வில் மார்க்கைப் பறிக்கும் 4 திருடர்கள்! மாதிரித் தேர்வில் கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி?

சென்னை-

திருட்டு நடந்த வீட்டுக்குப் போலீசார் வந்தால் என்ன செய்வார்கள்? "எவ்வளவு போச்சு?" என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிட மாட்டார்கள். எந்த வழியாக வந்தான், எந்தப் பூட்டை உடைத்தான் என்று பார்ப்பார்கள். வழி தெரிந்தால்தான் ஆள் சிக்குவான்.

சட்டப்படிப்பு நுழைவுத்தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் பல பேர் இதைச் செய்வதில்லை. வாரம் தவறாமல் மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள். மார்க்கை மட்டும் பார்க்கிறார்கள். கூடினால் சிரிப்பு, குறைந்தால் அழுகை. உடனே அடுத்த தேர்வு! போன மார்க் எந்த வழியாகப் போனது என்று பார்ப்பதே இல்லை. அதனால் அடுத்த தடவையும் அதே வழியில் போகிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

120 நிமிடம், 120 கேள்வி

'கிளாட்' எனப்படும் பொது சட்ட நுழைவுத்தேர்வு 2008-ம் ஆண்டு தொடங்கியது. பெங்களூர் தேசிய சட்டப்பள்ளியில் சேரவும் இதுதான் வாசல். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேரவும் இதுதான் வாசல். பிளஸ்-2 முடித்ததும் 5 ஆண்டு படித்து வக்கீல் ஆகலாம்.

2019 வரை 200 கேள்விகள் இருந்தன. 2020-ல் இது 150 ஆனது. 2023 டிசம்பரில் நடந்த தேர்வு முதல் 120 கேள்விகள்தான். நேரம் 2 மணி. ஆங்கிலம், நாட்டு நடப்பு, சட்ட அறிவு, தர்க்க அறிவு, கணக்கு என்று 5 பிரிவுகள். தேர்வு முழுக்க ஆங்கிலத்தில்.

ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போட்டு ஏமாறக்கூடாது. முதலில் 450 வார்த்தை வரை உள்ள ஒரு பத்தியைப் படிக்க வேண்டும். அதை வைத்துத்தான் கேள்விகள். படிக்கும் நேரமும் அந்த 120 நிமிடத்துக்குள்தான்!

சரியான விடைக்கு 1 மார்க். தவறான விடைக்கு கால் மார்க் கழிவு. விண்ணப்பக் கட்டணமோ, 2025-ம் ஆண்டு சேர்க்கைக்கான தேர்வில் பொதுப்பிரிவினருக்கு 4 ஆயிரம் ரூபாய். மாதச் சம்பளக்காரர் வீட்டில் இது சின்னத் தொகையா? கோட்டை விட்டால் பணத்தோடு ஒரு வருஷமும் போய்விடும்.

முதல் திருடன்: அவசரம்

"பின்வருவனவற்றில் எது சரி அல்ல?" என்று கேட்டிருப்பார்கள். 'அல்ல' கண்ணில் படாது. சரியானதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடுவார்கள். 46-வது கேள்விக்கான விடையை 47-வது வரிசையில் கருப்பாக்குவதும் இவன் வேலைதான். பேனாவால் கருப்பாக்கியதை அழிக்க முடியாது. பாடம் தெரிந்தும் மார்க் போகும். வயிற்றெரிச்சல்!

இவனைப் பிடிக்க வழி, 'அல்ல', 'தவிர' போன்ற சொற்களைக் கேள்வித்தாளில் வட்டம் போடுவது. வீட்டில் எழுதும்போதும் விடைகளை வட்டம் கருப்பாக்கும் தாளில்தான் எழுத வேண்டும்.

இரண்டாம் திருடன்: சொந்தச் சரக்கு

இவன்தான் சட்டப் பகுதியில் பெரிய கேடி. ஓர் உதாரணம் பாருங்கள்.

"பிறர் வசம் உள்ள பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பது திருட்டு" என்று பத்தியில் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் டீக்கடையில், தன்னுடையது என்று நினைத்து இன்னொருவர் குடையை எடுத்துப் போய்விடுகிறார். இது திருட்டா?

"அடுத்தவன் குடையைத் தூக்கிட்டுப் போனா திருட்டு இல்லாம என்ன?" என்று மனசு சொல்லும். ஆனால் கொடுத்த விதிப்படி நேர்மையற்ற எண்ணம் வேண்டும். இங்கே அது இல்லை. எனவே திருட்டு அல்ல. பத்தியில் உள்ள விதியை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டும். நம் வீட்டு நியாயத்தைக் கலந்தால் மார்க் காலி.

மூன்றாம் திருடன்: குருட்டாம்போக்கு

கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். 4 விடைகளில் ஒன்று சரி. கண்ணை மூடிக்கொண்டு 40 கேள்விகளுக்குக் குறித்தால், சராசரியாக 10 சரி, 30 தப்பு. 30 கால் மார்க் ஏழரை. கையில் மிஞ்சுவது வெறும் இரண்டரை!

அதே 40 கேள்விகளில் இரண்டு விடைகள் நிச்சயம் தப்பு என்று தள்ளிவிட்டு, மிச்ச இரண்டில் ஒன்றைக் குறித்தால்? 20 சரி, 20 தப்பு. 5 மார்க் கழிந்தாலும் 15 மிஞ்சும்.

ஆகவே மாதிரித் தேர்வில் ஊகித்து எழுதிய கேள்விகளின் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு எண்ணிப் பார்த்தால் ஊகம் கை கொடுக்கிறதா, கழுத்தை அறுக்கிறதா என்று தெரியும். ஊகத்தில் சரியாகிவிட்ட கேள்வியையும் விடக்கூடாது. அது கடன் வாங்கிய மார்க்!

நான்காம் திருடன்: அறியாமை

நிஜமாகவே தெரியாத கேள்விகள் இவை. இதற்கு மட்டும்தான் புத்தகத்தைத் திறந்து புதிதாகப் படிக்க வேண்டும். மற்ற 3 திருடர்களுக்கும் புத்தகம் மருந்து அல்ல. இது தெரியாமல், மார்க் குறைந்தால் உடனே புதுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் உண்டு.

பழைய புத்தகங்களிலும் எச்சரிக்கை தேவை. 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி என்பது குழந்தைக்கும் தெரியும். 2024 ஜூலை 1-ந்தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்த பிறகு கொலைக்கான தண்டனை 103-வது பிரிவு, மோசடி 318-வது பிரிவு. 2020-க்கு முந்தைய 'கிளாட்' தாள்களின் அமைப்பும் வேறு. பிந்தைய தாள்களை எழுதிப் பார்ப்பதே நல்லது.

குற்றப் பதிவேடு

ஒரு 40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு தவறுக்கும் கேள்வி எண், எந்தத் திருடன், அடுத்த முறை என்ன செய்வது என்று ஒரு வரி எழுத வேண்டும். 2 மணி நேரம் தேர்வு எழுதினால், அதைத் தோண்டித் துருவவும் 2 மணி நேரம் ஒதுக்க வேண்டும். 4, 5 தேர்வுகளுக்குப் பிறகு எந்தத் திருடன் அடிக்கடி வருகிறான் என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து, தவறிய கேள்விகளை விடை பார்க்காமல் மறுபடி போட வேண்டும். இதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். பாடத்தை இரண்டு தடவை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து நினைவு வைத்திருந்தது 42 சதவீதம். ஒரு தடவை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம்.

விடைக் குறிப்பையும் கண்ணை மூடி நம்பக்கூடாது. 2024 டிசம்பர் 1-ந்தேதி நடந்த 'கிளாட்' தேர்வின் விடைகளை எதிர்த்து வழக்கு போட்டார்கள். 2 கேள்விகளில் தவறு இருப்பதாகக் கூறி தேர்வு முடிவைத் திருத்தும்படி டெல்லி ஐகோர்ட்டு தனி நீதிபதி அந்த மாதமே உத்தரவிட்டார். வழக்கு அப்பீலுக்கும் போனது. அசல் தேர்விலேயே இப்படி என்றால், கடையில் விற்கும் மாதிரித் தாள் எம்மாத்திரம்? "ஏன் இந்த விடை?" என்று காரணம் கேட்டுப் பழக வேண்டும். வக்கீலுக்கு அதுதானே தொழில்!

பெற்றோர் கவனத்துக்கு

சமீப ஆண்டுகளில் தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 4 மணிக்கு முடிகிறது. சாப்பிட்டதும் கண் சொக்கும் நேரம்! வீட்டிலும் அதே நேரத்தில் எழுதிப் பழக வேண்டும். அந்த 2 மணி நேரம் டி.வி.யை அணையுங்கள், கடைக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் 5 ஆண்டு சட்டப்படிப்புக்கு பிளஸ்-2 மார்க் அடிப்படையில்தான் இடம். அந்தக் கதவு தனியாகத் திறந்திருக்கிறது.

எனவே மாதிரித் தேர்வில் மார்க் குறைந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். "எவ்வளவு?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எங்கே போச்சு?" என்று கேளுங்கள். நோட்டை எடுத்துக் காட்டி பதில் சொல்கிற பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.