சீனியை விட்டாச்சு, சோறு?

கீழவைப்பார் போன்ற கடலோர ஊர்களில் தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் இரண்டு துண்டு மீன். சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னதும் பலர் முதலில் நிறுத்துவது காப்பிச் சீனியை. சோற்றின்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை!

சோற்றின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகிறது. டைப் 2 சர்க்கரை நோயில் இன்சுலின் சுரந்தாலும் தசை அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்குகிறது. சோற்றைப் பாதியாக்கி, காயையும் குழம்பு மீனையும் கூட்டினால் ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் தணியும்.

சாப்பிட்டபின் நடக்கவும் சொல்கிறார்களே, எதற்கு? வேலை செய்யும் தசை, இன்சுலின் தயவில்லாமலே குளுக்கோஸை உள்ளிழுக்கும்.

டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட இந்திய ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவு, உடற்பயிற்சி மாற்றமே நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தது.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.