விடிகாலையில் முரண்டு பிடிக்கும் டீசல் கார்

கோத்தகிரியில் மார்கழி, தை மாதங்களில் விடிகாலை ஆறு மணிக்குக் காரை எடுப்பது பெரும்பாடு. போன பனிக்காலத்தில் என் பழைய டீசல் கார் மூன்று நாள் தொடர்ந்து படுத்தியது. செல்ஃப் நன்றாகச் சுற்றியது, சைலன்சரில் வெள்ளைப் புகையும் வந்தது, ஆனால் இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. வெயில் ஏறியபின் போய்ச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். கொண்டுபோய் விட்ட ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறக்காமலேயே தீர்ப்புச் சொன்னார்கள்: “நாலு நாசிலும் போச்சு சார். பம்பையும் இறக்கணும். நாற்பதாயிரம் ஆகும்.” வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். பிறகு வேறொரு மெக்கானிக் ஒரு டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். மூன்று ஹீட்டர் பிளக் எரிந்து போயிருந்தன, அவ்வளவுதான்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைத் தன் அளவில் இருபதில் ஒரு பங்காக அமுக்கும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. குளிரில் இரும்பெல்லாம் சில்லிட்டுக் கிடப்பதால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு வீணாகிவிடும். அதை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக். 1998 கடைசியில் வந்த இண்டிகா, பழைய ஜென் டீசல் போன்றவற்றில் டீசல் முதலில் ஒரு சிறு அறைக்குள் எரிந்து பிறகு சிலிண்டருக்குப் போகும். இந்த வகைக்குக் குளிரில் ஹீட்டர் பிளக் இல்லாமல் சரிப்படாது. 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசல் போன்ற காமன் ரெயில் வண்டிகள், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டிகள், ஹீட்டர் பிளக்கை இவ்வளவு சார்ந்திருப்பதில்லை.

மெக்கானிக்கிடம் போகுமுன் காதையும் கண்ணையும் கொஞ்சம் பயன்படுத்துங்கள். செல்ஃப் சோர்ந்து ‘ம்...ம்...’ என்று முனகினால் டீசலைக் குறை சொல்ல வேண்டாம். பேட்டரி, அதன் டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடி, இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் ஒயர், இந்த மூன்றில் ஒன்று. இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது பத்துக்கும் நன்றாகக் கீழே விழுந்தால் பேட்டரிதான் முதல் சந்தேகம். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய டீசல் வைத்திருப்பவர் வீட்டில் அது இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் துளிப் புகைகூட வராவிட்டால் டீசல் சிலிண்டருக்கே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக், குறைந்த கம்ப்ரெஷன், தப்பிய பம்ப் டைமிங் என்று அதே வரிசையில் பார்க்க வேண்டும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பிச் சுருள் போன்ற மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். அணைந்ததும் சாவியை மூடி மறுபடி ஒருமுறை சூடேற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். இரண்டாவது சூட்டில் சட்டென்று பிடித்தால் குற்றவாளி ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. உறுதிப்படுத்த, பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து டெஸ்ட் லேம்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கையும் தொட்டுப் பார்ப்பார்கள். லேம்ப் எரியாத பிளக் செத்தது. நான்குமே நல்லதென்றால் அவற்றுக்குக் கரண்ட் தரும் ரிலேயைப் பார்க்க வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை காசில்லாமல் கிடைக்கிறது. ஒரு ராத்திரி வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள், மறுநாள் மேட்டைப் பார்க்கும்படி. டேங்க் பின்னால் இருப்பதால், மூக்கு கீழே இருந்த அன்று சுலபமாகவும் மேலே இருந்த அன்று சிரமமாகவும் கிளம்பினால், ராத்திரியில் டீசல் டேங்குக்குத் திரும்பி வழிகிறது என்று பொருள். பைப்பில் எங்கோ ஏர் இழுக்கிறது. வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், ஃபில்டர் வாஷர் என்று பெரும்பாலும் மலிவான சங்கதிதான்.

காமன் ரெயில் வண்டியில் ரெயில் பிரஷர் போதிய அளவு ஏறாவிட்டால் கம்ப்யூட்டரே இன்ஜெக்டரைத் திறக்காது. ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது பிரஷர் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பிலும் ஆளுக்கொரு சின்ன பாட்டிலை மாட்டிப் பார்த்தால், கசிகிற இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் முந்தி நிரம்பும். இந்தச் சோதனை செய்யாமல் நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

ஆபத்துகளும் உண்டு. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. சூடான பிளக்கில் பட்டு நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனையே உடைத்துவிடும். பழைய வண்டிகளில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் வழக்கத்தைக் காமன் ரெயிலில் காட்டாதீர்கள். அங்கே பிரஷர் ஆயிரம் பாரையும் தாண்டும், பீறிடும் டீசல் ஊசிபோல் தோலுக்குள் இறங்கிவிடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது. குளிருக்குப் பயந்து கதவை மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடுவதும் வேண்டாம். செல்ஃபை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.

பழைய டீசல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் உங்களுக்காக வண்டியை ஸ்டார்ட் செய்து தயாராக வைத்திருந்தால், அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு, குளிர்ந்த இன்ஜினை உங்கள் கண்ணெதிரே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

இனி ஒர்க்‌ஷாப்பில் உங்களுக்குள்ள உரிமை. வண்டியை விடும்போது ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதவையுங்கள்: ‘காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை, வெள்ளைப் புகை வருகிறது.’ ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் எதையும் மாற்றலாம் என்றாகிவிடும். எஸ்டிமேட்டுக்கு மேல் போனால் கேட்ட பிறகே செய்ய வேண்டும், கழற்றிய பழைய பார்ட்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற இரண்டையும் அதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பில் தராமல் இருப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. ‘ஜிஎஸ்டி இல்லாமல் போட்டுத் தர்றேன் சார்’ என்ற சலுகைக்கு மயங்கினால் நாளைக்குக் கையில் ஆதாரம் இருக்காது.

சண்டை வந்தால் வண்டியை அப்படியே எடுத்துவந்துவிட முடியாது. நீங்கள் சொல்லிச் செய்த வேலைக்குரிய கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை தருகிறது. சொல்லாத வேலைக்கு அந்த உரிமை கிடையாது. அவசரம் என்றால் பணத்தைக் கட்டி, பில்லின் மேலேயே ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதி, தேதி போட்டு, படம் எடுத்துக்கொண்டு வண்டியை எடுங்கள்.

பிறகு முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் ஒரு புகார். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஒர்க்‌ஷாப் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை.