ஆபத்து வேறு, ரிஸ்க் வேறு
பட்டாசு வேலைக்குப் போகும் சகோதரிகள் தெரிஞ்சுக்க வேண்டிய வார்த்தைகள்



சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் உள்ள நம் குழுக்களில் பட்டாசு வேலையை நம்பி இருக்கும் குடும்பங்கள் நிறைய. பாதுகாப்புப் பயிற்சி என்று கூப்பிட்டு உட்கார வைத்தால் ‘ரிஸ்க்’, ‘இடர் மதிப்பீடு’, ‘நியர் மிஸ்’ என்று வார்த்தைகள் வந்து விழும். தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவோம். ஆனால் இவை நம் உயிரைப் பற்றிய வார்த்தைகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

ஆபத்தும் ரிஸ்க்கும்

ஊரில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒன்று இருக்கிறது. அது ஆபத்து. யாரும் போகாத காட்டில் கிடந்தால் விழுபவர் குறைவு. அதே கிணறு பள்ளிக்கூடப் பாதையில், லைட் இல்லாத இடத்தில் இருந்தால்? கிணறு அதேதான். விழும் வாய்ப்பு கூடிவிட்டது. இந்த வாய்ப்பையும், விழுந்தால் வரும் சேதத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் ரிஸ்க். தமிழில் இடர் என்று எழுதுவார்கள்.

பட்டாசு ஆலையில் மருந்துதான் ஆபத்து. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் கலந்த மருந்து உராய்ந்தாலோ, அடிபட்டாலோ, சூடேறினாலோ பற்றும். மருந்து இல்லாமல் பட்டாசு இல்லை. ஆனால் ரிஸ்க் கூடுவதும் குறைவதும் மனிதர் கையில் இருக்கிறது.

இடர் மதிப்பீடு

இது ரெண்டே கேள்வி. நடக்க எவ்வளவு வாய்ப்பு? நடந்தால் எவ்வளவு சேதம்? ரெண்டுக்கும் 1 முதல் 3 வரை மார்க் போட்டுப் பெருக்க வேண்டும்.

மருந்து செலுத்தும் ஷெட்டில் வெடித்தால் உயிரே போகும். அதனால் சேதத்துக்கு எப்போதும் 3. அளவான மருந்து, அளவான ஆள், நிதானமான வேலை என்றால் வாய்ப்புக்கு 1. பெருக்கினால் 3. தீபாவளி நெருக்கத்தில், உச்சி வெயிலில், மருந்து குவிந்து கிடக்க, எட்டுப் பேர் நெருக்கியடித்து அவசரமாகச் செலுத்தினால் வாய்ப்புக்கும் 3. பெருக்கினால் 9. மருந்து மாறவில்லை, ரிஸ்க் மூன்று மடங்கு ஆகிவிட்டது.

கட்டுப்பாடு

ரிஸ்க்கைக் குறைக்கும் வழிகளுக்குக் கட்டுப்பாடு என்று பெயர். இதில் பலமானது முதலில், பலவீனமானது கடைசியில்.

1. நீக்குவது: கலந்த மருந்தை மறுநாளைக்கு மீதி வைக்காமல் இருப்பது.
2. மாற்றுவது: இரும்புக் கருவிக்குப் பதில் மரம், பித்தளை. கந்தகத்தோடு குளோரேட் கலப்பது 1992 முதல் தடை செய்யப்பட்டதும் இதனால்தான். அந்தக் கலவை லேசான உராய்விலேயே பற்றிக்கொள்ளும்.
3. பிரிப்பது: ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடைவெளி, தடுப்புச் சுவர்.
4. முறைப்படுத்துவது: ஆள் அளவு, மருந்து அளவு, வெயிலுக்கு முன் கலவை, செல்போன் கூடாது.
5. உடம்பைக் காப்பது: பருத்தித் துணி. நைலான், பாலியெஸ்டர் துணி உராய்ந்து தீப்பொறி வரலாம்.

பருத்திச் சேலை கட்டி வரச் சொல்லிவிட்டு, நாலு பேர் ஷெட்டில் பத்துப் பேரை உட்கார வைத்தால் அது பாதுகாப்பு ஆகாது. ஐந்தாவதை மட்டும் நம் தலையில் கட்டிவிட்டு, முதல் நாலையும் விட்டுவிடக் கூடாது.

நியர் மிஸ்

மருந்து ‘புஸ்’ என்று பற்றி, யாருக்கும் ஒன்றும் ஆகாமல் அணைந்துபோகிறது. “சாமி காப்பாத்துச்சு” என்று வேலையைத் தொடர்கிறோம். மயிரிழையில் தப்பிய இந்தச் சம்பவம்தான் நியர் மிஸ். இன்று தப்பியதற்கு என்ன காரணமோ, அதுவே நாளை தப்பாமல் போகலாம். அதனால் உடனே வேலையை நிறுத்தி, போர்மேனிடம் சொல்லி, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். குழுக் கூட்டத்திலும் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்தில் நடந்தவை

2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்தது. 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கும், பார்க்கவும் ஓடி வந்தவர்கள். அடுத்து வெடித்ததில் சிக்கிக்கொண்டார்கள். ஒரு ஷெட் வெடித்தால் தீ அடுத்ததற்குப் பாயும். அதனால் சத்தம் கேட்டால் வெளியே, தூரமாக ஓட வேண்டும். 101, 108-க்குப் போன் போட வேண்டும். பையை, டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பிப் போகவே கூடாது.

2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒருவர் பெயரில் லைசென்ஸ் இருந்த ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது தெரிய வந்தது. உள்குத்தகை என்றால் ஆளும் மருந்தும் அளவு மீறும். மார்க் 3-லிருந்து 9-க்குப் போகும் வழி அதுதான்.

எண்ணிப் பாருங்கள்

மருந்து வேலை நடக்கும் ஷெட்டில் ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. என்ன வேலை, எத்தனை ஆள், எத்தனை கிலோ மருந்து என்று ஷெட் வெளியே எழுதியிருக்க வேண்டும். காலையில் உள்ளே நுழையும்போது அதை வாசியுங்கள், தலைகளை எண்ணுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துச் சொல்லுங்கள். கதவுக்கு முன் பெட்டியோ மூட்டையோ இருந்தால் முதலில் நகர்த்துங்கள். மரத்தடியில் மருந்து செலுத்துவதும், மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை செய்வதும் சட்டப்படி குற்றம். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

“ஐந்தாவது ஆளாக உட்கார மாட்டேன் என்று சொன்னால் நாளைக்கு வேலை கிடைக்குமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முன்பணம் வாங்கியவருக்கு வாய் திறப்பது இன்னும் கஷ்டம். இங்கேதான் குழு வேண்டும். ஆலையில் முன்பணம் வாங்கியிருப்பவர் யார், எவ்வளவு என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். உள்கடன் கொடுத்து அதை அடைக்க முடியுமா என்று பேசித் தீர்மானம் போடுங்கள். அளவு மீறி நடக்கும் ஆலையைப் பற்றித் தனி ஆளாக எழுதப் பயமாக இருந்தால், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் பலர் சேர்ந்து மனு கொடுங்கள். ஒருத்தி சொன்னால் புகார். இருபது பேர் சொன்னால் கோரிக்கை.

சேமிப்புக் கணக்கை வாராவாரம் சரிபார்க்கிறோம். ஷெட்டில் தலைக்கணக்கையும் தினமும் சரிபார்ப்போம்!