டைபர் கரையின் அழுக்குச் சித்திரங்கள்

ரோம் நகரின் நடுவே ஓடும் டைபர் ஆற்றின் வலது கரைச்சுவரில், போன்தே சிஸ்தோ, போன்தே மாத்சீனி என்ற இரண்டு பாலங்களுக்கு இடையே, 2016ஆம் ஆண்டு சுமார் 500 மீட்டர் நீளத்துக்கு ஒரு சித்திர வரிசை எழுந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட உருவங்கள். பெரியவை பத்து மீட்டர் உயரம். ஒரு சொட்டுச் சாயம்கூட இதற்குச் செலவாகவில்லை. தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ், சுவரில் படிந்திருந்த அழுக்கையே மையாக எடுத்துக்கொண்டார். ‘வெற்றிகளும் புலம்பல்களும்’ என்று பெயரிடப்பட்ட இந்தப் படைப்பு, சில ஆண்டுகளில் மறைந்துவிடும் என்று தெரிந்தே செய்யப்பட்டது.

சித்திரத்தைத் தாங்கிய சுவரின் கதை 1870இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் டைபர் பெருக்கெடுத்து ரோமை மூழ்கடித்தது. இத்தாலியோடு ரோம் இணைந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. இனி வெள்ளம் ஊருக்குள் நுழையவே கூடாது என்று புதிய அரசு இரு கரையிலும் சுமார் 12 மீட்டர் உயரத்துக்கு மதில் எழுப்பியது. 1876இல் தொடங்கிய வேலை முடிய ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. ஆற்றை ஒட்டியிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. ரிப்பெத்தா என்ற அழகான பழைய படகுத்துறை அழிந்தது. மேலே சாலையும் மரங்களும், கீழே ஆழத்தில் ஆறும் என்றானது. உயிர்களைக் காத்த மதில் அது. குறை சொல்ல முடியாது. ஆனாலும் ரோம் மக்களின் அன்றாட வாழ்விலிருந்து ஆறு விலகிப்போனது பெரிய இழப்பு.

இந்த இழப்பைத் தீர்க்க வேண்டும் என்று விடாமல் உழைத்தவர் அமெரிக்கக் கலைஞர் கிறிஸ்டின் ஜோன்ஸ். இரு பாலங்களுக்கு இடையிலான நேரான பகுதி, பழைய ரோமின் தேரோட்டக் களமான சர்க்கஸ் மாக்சிமஸ் அளவுக்கு இருப்பதை அவர் கண்டார். 2005இல் அங்கே ரோமின் அடையாளமான பெண் ஓநாயின் உருவங்களைச் சுவரைக் கழுவியே வரைந்து காட்டினார். பிறகு அவருடைய ‘தெவெரெதெர்னோ’ அமைப்பு கென்ட்ரிட்ஜை அழைத்தது. கரித்துண்டால் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து அசையும் படங்கள் செய்வதில் பேர்பெற்றவர் அவர். அழிப்பதே வரைவதாக இருக்கும் ஒரு வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார்.

செய்முறை எளிமையானது. கரைச்சுவர் டிராவர்ட்டைன் என்ற வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. பாசியும் நுண்ணுயிர்களும் வண்டிப் புகையும் சேர்ந்து பல ஆண்டுகளில் அதன்மேல் கறுப்பாகப் படிந்திருந்தன. உருவத்தின் வடிவில் வெட்டிய பெரிய தகட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, சுற்றிலும் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். வாட்டர் சர்வீஸில் வண்டி கழுவுவார்களே, அதே போன்ற வேகம். ரசாயனம் எதுவும் இல்லை. தண்ணீர் பட்ட இடம் வெளுக்க, தகடு மறைத்த இடம் கறுப்பாகவே நிற்கும். தகட்டை எடுத்தால் அங்கே ஒரு குதிரையோ அழும் பெண்ணோ தெரியும்.

ரோமின் வரலாறு இந்தச் சுவரில் கால வரிசைப்படி வரவில்லை. எலும்பும் தோலுமான ஓநாயும், குதிரை மீதமர்ந்த பேரரசர் மார்க்கஸ் அரேலியஸும், 1975இல் கொலையுண்ட இயக்குநர் பசோலினியும், 1978இல் கடத்திக் கொல்லப்பட்ட முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோவும் ஒரே ஊர்வலத்தில் வருகிறார்கள். ஒரு திரைப்படத்தில் ரோமின் ட்ரெவி நீரூற்றுக்குள் இறங்கிய புகழ்பெற்ற ஜோடி இங்கே ஒரு குளியல் தொட்டிக்குள் நிற்கிறது. அகதிகள் நிறைந்த படகும் உண்டு. ஒருவரின் வெற்றி இன்னொருவரின் ஒப்பாரி என்பதை, எழுத்தறியாதவருக்கும் புரியும்படி சொன்ன சுவர் இது.

ரோமின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஏப்ரல் 21 அன்று திறப்புவிழா. பிலிப் மில்லரின் இசையோடு இரண்டு ஊர்வலங்கள் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து நடுவில் சந்தித்தன. நடந்தவர்களின் நிழல்கள் சுவரிலிருந்த உருவங்களோடு கலந்து அசைந்தன.

அதுவரை வந்துசேர அனுமதிக்காகவே பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஆற்றங்கரைக் கலைக்கு இது புதிதல்ல. பாரிஸில் சேன் ஆற்றின் மீதுள்ள போன் நெஃப் பாலத்தைத் துணியால் போர்த்த கலைஞர்களான கிறிஸ்டோவும் ழான்-கிளாதும் பத்து ஆண்டுகள் போராடினர். 1985இல் சுமார் 40,000 சதுர மீட்டர் துணியும் 13 கிலோமீட்டர் கயிறும் கொண்டு போர்த்திய அந்தப் பாலம் அப்படி இருந்தது 14 நாட்களே. லண்டனில் ஆறே திரையானது: 2015 செப்டம்பரில் சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் தேம்ஸ் கரையில் நிறுத்திய நான்கு குதிரைவீரர்களின் சிலைகள், ஓதம் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளிப்பட்டன. எண்ணெய்க் கிணற்றுப் பம்பின் தலையைக் கொண்ட அந்தக் குதிரைகளை நாளுக்கு இருமுறை பார்க்க முடிந்தது.

டைபர் கரையில் மறைவு இத்தனை வேகமானதல்ல. கழுவி வெளுத்த கல்லில் பாசி மறுபடி துளிர்க்கிறது, புகை படிகிறது. உருவம் அழிவதில்லை, அதைச் சுற்றியிருந்த வெண்மைதான் கறுத்து, உருவத்தின் நிறத்துக்கு வந்துசேர்கிறது. முழுதும் கறுத்தபின் அதே சுவரை இன்னொருவர் கழுவத் தொடங்கலாம். 2005இன் ஓநாய்களுக்குப் பின் 2016இல் நடந்தது அதுதான்.